பர்பன் குடித்து முடித்த மரத்தில் டெக்கீலா

மூன்று வாரங்களாக, இரவு உணவு முடிந்த பின் ஒரே புட்டியிலிருந்து சிறிதளவு ஊற்றி, அவசரமில்லாமல் அருந்தி வருகிறேன். அது மெக்சிகோவின் மதுவான டெக்கீலாவில், ஓராண்டுக்கு மேல் மரப் பீப்பாயில் முதிர்ந்த 'அன்யேஹோ' வகை. கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும், பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கியை அப்போதுதான் வெளியே எடுத்த பீப்பாய்களுக்கு மாற்றப்பட்டது. குவளையில் அதன் நிறம் நல்லெண்ணெயை ஒத்திருக்கிறது. ஊற்றியவுடன் வெண்ணிலாவும் வெல்லப்பாகும் கலந்த மணம் முந்திக்கொண்டு வருகிறது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அது சற்றே விலகி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணமும், அதன் பின்னால் மிளகின் காரமும் எழுகின்றன. அந்தக் கிழங்கு மணம்தான் டெக்கீலாவின் மூலச் செடியான அகாவே வெந்த மணம். அதற்காகவே இந்தப் புட்டியை நான் மதிக்கிறேன்.

நீல அகாவேயை நம்மில் பலர் கற்றாழை என்றே எழுதுகிறோம். மருந்துக்கும் கூந்தலுக்கும் பயன்படுத்தும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் உறவு தொலைவு. நம் ஊர் வேலியோரங்களில் முள் நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழைதான் இதன் நெருங்கிய சொந்தம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலும், வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் விளைந்த நீல அகாவேயிலிருந்து அங்கேயே வடித்ததை மட்டுமே டெக்கீலா என்று அழைக்கலாம் என்பது சட்டம்; பெயருக்கான இந்தப் பாதுகாப்பு 1974-இல் தொடங்கியது. செடி முற்றுவதற்கு ஆறு ஏழு ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல் ஆகிறது. ஹிமடோர் எனப்படும் அறுவடைத் தொழிலாளி, வட்ட அலகு கொண்ட 'கோவா' என்னும் நீண்ட கருவியால் மடல்களைச் சீவியெடுத்த பிறகு மிஞ்சும் நடுப்பகுதி பெரிய அன்னாசியைப் போல இருப்பதால் அதைப் 'பின்யா' என்கிறார்கள். செங்கல் அடுப்புகளில் ஒன்றரை, இரண்டு நாள் நீராவியில் வேகும்போது, அதிலுள்ள மாவுத்தன்மையான சத்து உடைந்து பழச்சர்க்கரையாகிறது. நான் சொன்ன கிழங்கு மணம் அந்த அடுப்பிலேயே பிறந்துவிடுகிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. விஸ்கிக்கான தானியம் ஓராண்டுக்குள் விளைந்துவிடும். ஆகவே அதன் சுவையில் பெரும்பங்கைப் பின்னால் மரமே தருகிறது. டெக்கீலாவோ தன் வயதின் பெரும்பகுதியை மண்ணில் கழித்துவிட்டுத்தான் பீப்பாய்க்கு வருகிறது. இரண்டு மாதம் மரத்தில் இருந்தால் 'ரெப்போசாடோ', 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் ஓராண்டு இருந்தால் 'அன்யேஹோ', மூன்றாண்டு இருந்தால் 2006-இல் சேர்க்கப்பட்ட 'எக்ஸ்ட்ரா அன்யேஹோ'. ஹலிஸ்கோவின் வெயிலில் மரம் வேகமாக வேலை செய்வதாலும், ஆவியாகிப் போவதும் அதிகம் என்பதாலும், ஸ்காட்லாந்து விஸ்கியின் பத்தாண்டு, பன்னிரண்டாண்டுக் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. வயது கூடக் கூடத் தரமும் கூடும் என்ற எண்ணத்தோடு டெக்கீலா வாங்குபவர், செடி தந்ததை இழந்து மரம் தந்ததற்கு மட்டுமே பணம் கொடுத்துவிட நேரும்.

பர்பன் பீப்பாய் இங்கேதான் உதவிக்கு வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில்தான் முதிர்விக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மீண்டும் ஊற்றினால் அதைப் பர்பன் என்று விற்க முடியாது. எனவே ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய்கள் ஒரே சுற்றில் வேலையிழந்து, ஸ்காட்லாந்துக்கும் கரீபியத் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் போகின்றன. புது ஓக் மரம் முதலில் வந்த மதுவிடம் தன் துவர்ப்பையும் கடுமையையும் மொத்தமாக இறக்கிவிடும். மக்காச்சோளம் மிகுந்த பர்பனுக்கு அதைத் தாங்கும் உடல் உண்டு; அகாவேக்கு அது பெரும் சுமை. பர்பன் அந்த முதல் வேகத்தை உறிஞ்சிக்கொண்ட பின் மரத்தில் மிஞ்சியிருப்பது இளகிய வெண்ணிலா, கருகிய சர்க்கரை, தேங்காயை நினைவூட்டும் மெல்லிய எண்ணெய்ப் பசை, அத்துடன் பலகைகளின் உள்ளே ஊறி நிற்கும் சிறிதளவு பர்பன். புது மண்சட்டியில் வைத்த குழம்புக்கும் பழகிய சட்டியில் வைத்த குழம்புக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

டெக்கீலா முதிரும் பீப்பாய்களில் மிகப் பெரும்பாலானவை எப்படியும் பழைய பர்பன் பீப்பாய்கள்தாம் என்னும்போது, 'பர்பன் பீப்பாயில் நிறைவு செய்யப்பட்டது' என்று தனியாக எழுதுவதற்குப் பொருள் என்ன என்ற கேள்வி எனக்கும் வெகுநாள் இருந்தது. வேறுபாடு பீப்பாயின் களைப்பில் இருக்கிறது. பல சுற்று டெக்கீலா கண்ட பீப்பாயில் தருவதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது; அது காற்றை உள்ளே விட்டு மதுவின் முனைப்பைத் தணிப்பதோடு நின்றுவிடும். அதில் நிதானமாக ஓராண்டு கிடந்த டெக்கீலாவை, பர்பனின் ஈரம் இன்னும் காயாத பீப்பாய்க்குச் சில மாதம் மாற்றினால், உடல் ஓரிடத்திலும் மணம் ஓரிடத்திலும் அமைகிறது. இந்த ஈரம் மிக முக்கியமானது. வழியில் நாள்கணக்கில் வெறுமையாகக் காய்ந்த பீப்பாயின் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். தண்ணீர் ஊற்றி உப்பவைத்தால் ஒழுக்கு நிற்கும், ஆனால் தேடி வந்த மணத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே சொற்களை முகப்பில் தாங்கிய ஒரு புட்டியை மிகுந்த எதிர்பார்ப்போடு வாங்கினேன். திறந்ததும் பேக்கரியின் கேக் வாசனை வந்தது. ஒரு வாய் அருந்தியதும் உதடுகள் ஒட்டின. எவ்வளவு நேரம் காத்திருந்தும் அகாவே எட்டிப்பார்க்கவில்லை. முதிர்ந்த டெக்கீலாவில் சர்க்கரைப் பாகு, கேரமல் நிறம், கிளிசரின், ஓக் சாறு ஆகியவற்றை மொத்த எடையில் 1 சதவீதத்திற்கு மேற்படாமல் சேர்க்க மெக்சிகோவின் விதி இடம் தருகிறது. அந்தப் புட்டியில் என்ன சேர்ந்திருந்தது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆயினும் அப்படிச் சேர்க்க இடமிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஏழு ஆண்டு வெயில் குடித்து வளர்ந்த செடியைப் பாகில் மூழ்கடிப்பது, அதை நட்டவரின் உழைப்புக்கும் வெட்டியவரின் உழைப்புக்கும் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். அருந்தி முடித்த குவளையைக் கழுவாமல் மேசையிலேயே விட்டுவிட்டு, காலையில் காபி போடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பேன். அந்தப் பழைய புட்டியின் குவளையில் மறுநாள் வெண்ணிலா மட்டும் தேங்கி நின்றது. இன்று காலை முகர்ந்த குவளையில் ஓக் மரத்தின் உலர்ந்த மணம் இருந்தது. அடியில் சுட்ட கிழங்கும், மழை நனைத்த மண்ணும் இருந்தன. புட்டியில் இன்னும் நான்கு விரல் அளவு மீதமிருக்கிறது. அடுத்த வாரம் வரும் நண்பர் பர்பன் பிரியர்; அவருக்கு ஐஸ் போடாமல், இரண்டு சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கையில் கொடுக்கப் போகிறேன்.