அண்ணே, இங்க சத்தம் மாறுது

பழைய ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்து, என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த அந்தப் பையன் ஃபைபர் படகின் டெக் முழுக்கத் தட்டிக்கொண்டே போனான். டக், டக், டக். வலது ஓரத்தில், படகின் முன்முனையான அணியத்திலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, ஓர் இடத்தில் மட்டும் தொப் என்றது. எனக்கும் கேட்டது. "அண்ணே, இங்க சத்தம் மாறுது" என்றான். "ஜெல்கோட் கனமா விழுந்திருக்கும், விடுடா" என்றேன். விட்டுவிட்டான்.

அரை நிமிடப் பேச்சு. மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் காதில் கிடக்கிறது.

ஜெல்கோட், அதாவது ஃபைபரின் வெளிப்பூச்சு, கனமாக விழுந்தால் அப்படிச் சத்தம் வராது என்பது எனக்குத் தெரியும். காசு வைத்துத் தட்டிப் பார்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். டெக்கின் ஃபைபர் மேல் தோலும் நடுவில் இருக்கும் ஃபோமும் ஒட்டியிருந்தால் கணீர் என்று கேட்கும், விட்டிருந்தால் காய்ந்த பூசணிக்காயைத் தட்டியது போல அமுங்கிக் கேட்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவன் அதையே சரியாகக் கேட்டுச் சொன்னபோது வாயில் வந்த முதல் பொய்யைச் சொன்னேன். பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அதைப் பாதி நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் அது. மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதி முடிகிறது. விசைப்படகுக்காரர்கள் வரிசையாக நின்று, ஃபைபர் ஒட்டும் வேலையை முடித்துக் கொடு என்று முதலாளியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு ஃபைபர் போட். அதில் முன்டெக் மட்டும் சாண்ட்விச்சாக வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆள் ஏறி நின்று வலை இழுக்கும்போது டெக் தொய்யக் கூடாது, பாரமும் ஏறக் கூடாது. நியாயமான ஆசைதான்.

சாண்ட்விச் என்றால் என்ன என்று பையன்களுக்கு நான் பனைமரத்தை வைத்துத்தான் சொல்வேன். வெளியே வைரம் பாய்ந்து இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே சோறு. அந்தச் சோற்றைத் தோண்டி எறிந்துவிட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் ஓடாக வைத்துக்கொள்வார்கள், ஆனால் மரம் நிற்கும்போது அந்தச் சோறுதான் வெளிச்சுற்றை அதனதன் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே கனத்தில் இருக்கும் தகட்டை நடுவில் பிளந்து, இரண்டு பாதிக்கும் இடையில் லேசான ஏதாவது ஒன்றை வைத்து மொத்தக் கனத்தை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் நிற்கும் தன்மை 7 மடங்காகிறது. நான்கு மடங்காக்கினால் 37 மடங்கு. இதெல்லாம் சுத்தமான கணக்கு. ஆனால் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு தோலும் நடுப்பொருளோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் அது சாண்ட்விச் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த மூன்று சாமான்.

நடுவில் வைக்க பிவிசி ஃபோம் வாங்கியிருந்தோம், கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி, 20 மி.மீ. கனம். (தெர்மாகோல் வைத்தால் மலிவு என்று எங்கள் முதலாளி ஒருமுறை மூடி ஒன்றில் வைத்துப் பார்த்தார். ஃபைபரை இறுக்கும் பிசினான பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதை மொத்தமாகக் கரைத்துவிட்டது. மறுநாள் உள்ளே ஒன்றுமே இல்லை. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.) டெக் தட்டையானது, அதற்கு முழுத்தாளாக வரும் ஃபோம் போதும். எங்களிடம் கிடந்ததோ வேறொரு படகின் வளைவுக்கு வாங்கி மிச்சமானது. சின்னச் சின்னச் சதுரமாகக் கீறி, பின்னால் துணி ஒட்டியிருக்கும். வளைவில் வைத்தால் கீறல் விரிந்துகொடுக்கும். தட்டையான இடத்தில் வைத்தால் அந்தக் கீறல்கள் எல்லாம் சும்மா வாய்க்கால்கள். அவற்றை ரெசின் புட்டியால் அடைக்க வேண்டும். அடைத்தோமா? அடைத்தோம். எல்லாவற்றையுமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

அன்றைய வெயில் வேறு. கத்திரி முடிந்தும் தகரக் கூரையின் கீழ் அனல். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை வழக்கமான அளவுக்கே ஊற்றிவிட்டேன், குறைத்திருக்க வேண்டும். பக்கெட்டில் ரெசின் கெட்டியாகத் தொடங்கியபோது பாதி டெக்தான் ஆகியிருந்தது. ஃபோமின் முகத்தில் முதலில் ஒரு கை ரெசின் தடவி அதன் தாகத்தை அடக்கிவிட்டுத்தான் ரெசினில் நனைந்த மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பின் மேல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேட்டில் இருக்கும் ரெசினை அது உறிஞ்சிக்கொண்டு நடுவில் வறட்டுத்தனமாக நின்றுவிடும். கடைசி இரண்டு துண்டுகளுக்குத் தடவினேனா, அப்படியே வைத்தேனா? காற்றை உறிஞ்சி ஃபோமை அழுத்திப் பிடிக்கும் வேக்கம் பம்பு எங்களிடம் கிடையாது. பாலித்தீன் விரித்து மேலே மணல் மூட்டை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பதினோரு மாதம் கழித்து தேவனாம்பட்டினத்துக்காரர் வந்தார். "கால் வச்சா அமுங்குது தம்பி." போய்ப் பார்த்தேன். டெக்கின் இடதுபக்கம் நங்கூரக் கயிறு கட்ட அவரே ஒரு இரும்புக் கொக்கி முடுக்கியிருந்தார். நாலு போல்ட், நாலு ஓட்டை, உள்ளே ஒரு சொட்டு சீலண்ட் இல்லை. சாண்ட்விச்சில் ஓட்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு: பெரிதாகத் துளைத்து, அந்தக் குழியை ரெசின் புட்டியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதற்குள் போல்ட் ஓட்டையைப் போட வேண்டும், அப்போது தண்ணீர் நடுப்பொருளைத் தொடாது. அவருக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த நாலு போல்ட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை.

"அண்ணே, ஓட்டை போட்டு அப்படியே விட்டுட்டீங்களே, தண்ணி உள்ள எறங்கிடுச்சு" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நம்ம தப்புதான் தம்பி, என்ன ஆகும்னு சொல்லு" என்றார். 6,500 ரூபாய் என்றேன். கொடுத்தார்.

கிரைண்டரால் வெட்டி மேல் தோலைத் தூக்கியபோது, எண்ணெய் அதிகமான கல்லிலிருந்து தோசை வருவது போல் வந்தது. உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, நாற்றம். போல்ட் பக்கம் ஃபோம் பிய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல ஒட்டு என்றால் அப்படித்தான், பிரித்தால் ஃபோம்தான் கிழியும், ஒட்டு விடாது. வலது ஓரத்துக்கு வந்தபோது தோலின் உள்முகம் வழவழவென்று மின்னியது, மேட்டின் இழைகளை எண்ணலாம் போல. ஃபோம் கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தமாக இருந்தது. அங்கே எப்போதுமே எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அல்லது ஒட்டியிருந்து, இடதுபக்கத்திலிருந்து கீறல் வழியாக வந்த தண்ணீரில் விட்டுப்போய், ஒரு வருடம் ஆட்கள் ஏறி மிதித்ததில் உரசி உரசி வழவழப்பாகியிருக்கலாம். இதையும் நான் நினைக்காமல் இல்லை. ஒரு நாள் இப்படித் தோன்றும், மறுநாள் அப்படித் தோன்றும். வெட்டிய துண்டுகளை வைத்திருந்தாலாவது மறுபடி பார்க்கலாம். அன்று சாயங்காலமே மூட்டை கட்டிக் குப்பையில் போட்டது நான்தான். குப்பையை அள்ளுவது என் வேலையே இல்லை.

அன்றைக்கு 'விடுடா' என்பதற்குப் பதிலாக 'எங்கே, இன்னொரு தரம் தட்டு' என்று சொல்லியிருந்தால் என்ன செலவு? மெல்லிய டிரில்லில் பத்து ஓட்டை, ஒரு சிரிஞ்சு, கொஞ்சம் ரெசின், அரைமணி நேரம். சிரிஞ்சு என் டிராயரில்தான் இருந்தது. ஆனால் முதலாளி வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார், விசைப்படகுக்காரர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். என் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இருக்கலாம்.

அதற்கப்புறம் சத்தம் மாறுது என்று யார் சொன்னாலும் உடனே ரெசின் ஏற்றச் சொல்கிறேன். ஒருமுறை அப்படி ஏற்றிக்கொண்டே இருந்தோம், உள்ளே போகவே இல்லை. பார்த்தால் அங்கே போல்ட் முடுக்குவதற்காக நாங்களே ஃபோமை எடுத்துவிட்டு பிளைவுட் துண்டு வைத்திருந்தோம். நடுப்பொருள் மாறினாலும் சத்தம் மாறும். பையன்கள் சிரித்தார்கள். ஆகவே சத்தத்தை நம்பு என்றும் சொல்வதற்கில்லை.

அந்தப் பையன் இப்போது சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஃபைபர் தொட்டி வேலை பார்க்கிறான். போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே, எதையோ சொல்வது போல, அந்த டெக்கை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். "அதாண்ணே, சத்தம் மாறுச்சே" என்றான். அப்புறம் சாதாரணமாகச் சொன்னான்: "இன்னொரு எடத்துலயும் மாறுச்சு. நீங்க விடுன்னு சொன்னதால அதச் சொல்லல."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை மடக்கி, விரித்து, படகில் தான் நின்ற திசையை மனதுக்குள் பார்த்துவிட்டு, "இடதுபக்கம்னு நெனைக்கிறேன்" என்றான். அவன் தட்டியபோது அங்கே கொக்கியும் இல்லை, ஓட்டையும் இல்லை. போல்ட் பக்கம் ஒட்டு நன்றாகத்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், அதை அவனிடமும் சொன்னேன். "அப்ப வேற எடமா இருக்கும்ணே" என்றான். இடதுபக்கம் முழுவதையும் பார்த்தேனா என்று அவன் கேட்கவில்லை. போல்ட்டைச் சுற்றித்தான் பார்த்தேன்.

தேவனாம்பட்டினத்துக்காரர் இப்போதும் எங்களுக்கு ஆள் அனுப்புகிறார். போன வாரம் அவர் மச்சான் வந்து, அதே மாதிரி டெக் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுப் போனார். 6,500 ரூபாயைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. மச்சானுக்கு முழுத்தாள் ஃபோம் என்று எஸ்டிமேட்டில் எழுதிக்கொடுத்தேன். முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.