கிறவல் கிடங்கு

மாங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. பெரியப்பா உழவு மெஷினோடு காத்து நின்றார். பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஒட்டுசுட்டான் பக்கம் போகிற வழியில், காட்டோரம் ஒரு கிறவல் கிடங்கு. டிப்பர்கள் அள்ளி அள்ளி, இரண்டு ஆள் உயரத்துக்குச் சிவந்த மண்சுவர் நின்றது. "நிப்பாட்டுங்கோ" என்று கத்திவிட்டுக் குதித்தேன்.

"கிறவல் பார்க்கவோ தம்பி கனடாவில இருந்து வந்தனீர்?"

பாதி உண்மை. ஸ்காபரோவில் என் வீட்டுக்குக் கிட்ட, ஒன்ராறியோ வாவிக்கரையில், 90 மீற்றர் வரை உயர்ந்த மண்பாறைகள் உண்டு. அதில் சில படைகளை அப்படியே இறக்கிவிட்டுப் போனது, பழைய பனியுகத்தில் நிலத்தை மூடி நகர்ந்த பனிக்கட்டிப் படலம். முகத்துக்குப் பூசலாம் போன்ற களி, அதற்குள்ளேயே தலையளவு கல், பக்கத்தில் பொடிக்கல். 'டில்' என்பார்கள். இங்கே கிடங்குச் சுவரிலோ கூழாங்கற்கள் உருண்டு திரண்டு, ஒரு படையாக அடங்கிக் கிடந்தன. தண்ணீர் தெரிந்தெடுக்கும், வேகம் குறையக் குறைய முதலில் பெரிய கல்லைப் போடும். பனிக்குத் தெரிவு கிடையாது. உருகுகிற இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடும்.

"அப்ப தண்ணி சுளகு, ஐஸ் டிப்பர்" என்றார் பெரியப்பா. இதை நான் வகுப்பில் விளங்கிக்கொள்ள ஒரு தவணை எடுத்தது.

ஸ்காபரோக் கரையில் 'நைஸ்' (gneiss) எனப்படும் வரிவரியான பாறைக் கற்களும் கிடக்கும். வடக்கே 100 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பனி இழுத்து வந்தவை. வவுனியாப் பக்கப் பாறைகளிலும் அதே மாதிரி வரி. முதல்முறை கண்டபோது ஊர்க் கல் என்றே கையில் எடுத்தேன்.

ரொறன்ரோவுக்கு வடக்கே 160 கிலோமீற்றர் நீளத்துக்கு, பனி உருகிய நீர் கொட்டிய மணலும் கிறவலும் மேடாகக் கிடக்கின்றன. மழையைக் குடித்து ஊற்றாக விடும் என்றேன். வயல்காரர் அல்லவா, அப்போதுதான் மெஷினை ஓஃப் பண்ணினார்.

"இஞ்சயும் ஐஸ் வந்ததோ?"

"இல்லை. ஆனால் 20,000 வருசத்துக்கு முன்னம் அவ்வளவு தண்ணியும் அங்க ஐஸாக் கிடந்ததால கடல் 120 மீற்றர் வரையில இறங்கிப்போச்சு. தலைமன்னாரில இருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போகலாம்."

அவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொண்ணூறில நாங்கள் படகுக்காரனுக்குக் காப்பைக் கழட்டிக் குடுத்தெல்லோ போனனாங்கள்" என்றபடி மெஷினில் ஏறினார்.