ஆடியில் ஒரு வேலை, ஆவணியில் ஒரு வேலை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். வீட்டு ஓனரிடம் கல்யாண போட்டோகிராபர், ஏனென்றால் மாதம் பிறந்தால் வாடகை வரும் என்று அவர் நம்ப வேண்டும். கல்லூரியில் பேசக் கூப்பிட்டால் ஆவணப் புகைப்படக் கலைஞர். இரண்டும் பொய் இல்லை. ஆவணி, தை, வைகாசி என்று முகூர்த்த மாதங்களில் மண்டபம் மண்டபமாக ஓடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புரட்டாசியும் பாதி காலி, அந்த நாட்கள்தான் என் சொந்த வேலைக்கு. பதிமூன்று வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

சமூகப் பிரச்சினைகளைப் படம் எடுக்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று நிறைய பேர் மெசேஜ் அனுப்புகிறார்கள். எந்த லென்ஸ் என்று கேட்பவர்களும் உண்டு. 35 எம்எம் ஒன்று போதும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பணம் வருமா என்று கேட்டால், ஒரு கல்யாணத்தில் எனக்கு 60,000 நின்றால், மூன்று மாதம் அலைந்து எடுத்த ஒரு படத்தொகுப்புக்கு 4,000 வந்திருக்கிறது, அதுவும் ஆறு மாதம் கழித்து. இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2016-லிருந்து சென்னை போட்டோ பினாலே என்கிற புகைப்படத் திருவிழா நடக்கிறது, நிதி நல்கைகள் சில இருக்கின்றன, தூய்மைப் பணியாளர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து எடுத்த எம். பழனி குமாருக்கு 2022-ல் ஆவணப் புகைப்படத்துக்கான தயானிதா சிங் - பாரி விருது கிடைத்தபோது என்னைப் போன்றவர்கள் வீட்டில் பேப்பரைக் காட்டி, பார், இதுவும் ஒரு தொழில்தான் என்று சொல்லிக்கொண்டோம்.

நான் சொல்ல வந்தது வேறு. நாம் எடுக்கப் போகிற படம் ஒன்று, அந்த மக்கள் நம்மிடம் கேட்கிற படம் இன்னொன்று. அவர்கள் கேட்கிற படத்தை எடுக்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடும்பங்களின் வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். நான் போனது இடிக்கிற அன்றைக்கு. புழுதி, காலை வெயில், ஜேசிபியின் மஞ்சள் கை. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வெளிச்சம் அருமை என்றுதான் மனசு முதலில் நினைத்தது. ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்து, "அத்த வுடு தம்பி, இங்க வா, எங்கள இந்தக் கதவாண்ட நிக்க வச்சி ஒன்னு எடு, நெம்பர் தெரியணும்" என்றார். எடுத்தேன். அவசரத்தில் எடுத்தேன், நம்பர் ஃபோகஸில் இல்லை. ஜேசிபி படம் கண்காட்சிக்குப் போனது. அந்தக் குடும்பத்துக்குத் தங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரு நல்ல படம் இல்லாமல் போனது என்னால்தான்.

அப்புறம் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிக் கணவர் இறந்துபோன ஒரு அக்கா. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அந்த அக்காவிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. இறப்புச் சான்றிதழ், எஃப்ஐஆர் நகல், மனு, மனுவுக்கு ரசீது. முகம் மட்டும் வேண்டாம் தம்பி, பொண்ணோட ஸ்கூல்ல தெரியாது என்றார். கவரைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். பத்திரிகையில், முகம் இல்லாமல் கதை நிற்காது என்று சொல்லிப் போடவில்லை. சரி, போகட்டும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மாலை போட்டு மாட்ட அவர் கணவரின் படம். தனியாக எடுத்த படமே கிடையாது, யாரோ ஒருவர் கல்யாணத்தில் நாலு பேரோடு நிற்கிற குரூப் போட்டோவிலிருந்து தலையை வெட்டி, பக்கத்து ஆளின் தோளை அழித்து, பின்னால் நீலம் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. நான் செய்த வேலைகளில் இன்றைக்கும் ஒரு சுவரில் தொங்குகிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

இந்தத் தொழிலுக்கு நம் ஊரில் ஒரு பாட்டன் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் ராணுவத்தில் அதிகாரி. பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876 - 78, அப்போது எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் படம் எடுத்தார். எடுத்த கையோடு உதவி எதுவும் செய்யாமல் விட்டுவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே அவரைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பட்டினி இல்லை, அந்த வரிசை. கல்யாண மேடையில் நாங்கள் நிற்க வைப்பது போலவே இருந்தது. அதே பஞ்சத்தில் நிவாரண வேலை என்று ஜனங்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டினார்கள். நான் எடுத்த படங்களில் பாதி இந்தக் கால்வாய் ஓரம் எடுத்தவை. யோசித்துச் செய்தது இல்லை, இந்த ஊரில் கஷ்டத்தைத் தேடிப் போனால் கால் அங்கேதான் போய் நிற்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் கலந்து, இதே கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுத்துப்போனது. அந்த வாரக் கடைசியில் எனக்குப் போரூரில் ஒரு ரிசப்ஷன், அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. இருந்தாலும் அங்கே இருக்கிற மீனவர் ஊரான காட்டுக்குப்பம் போனேன். மக்கில் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியில்தான் அள்ளினார்கள், அப்போதும் எடுத்திருக்கிறேன். வாடை தலைவலியைக் கிளப்பியது. நான் வழக்கம்போலக் கறுப்பு மினுங்கும் கைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கையவே புடிச்சினுகீற? படகப் புடி. நெம்பர் தெரியணும், எண்ண எதுவரைக்கும் ஏறிக்கீதுன்னு தெரியணும், தேதி போட்டுக் குடு. மனுவோட வைக்கணும்" என்றார்.

நெம்பர் தெரியணும். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை.

இதற்கு ஆவணக் கலைஞர் தேவையில்லை, கல்யாண போட்டோகிராபர் போதும். வெயிலைப் பக்கவாட்டில் வைத்து நிழல் விழாமல், படகு முழுசாக வரும்படி, ஓனர் பக்கத்தில் நிற்க, கறுத்த வலையை முன்னால் விரித்துப் போட்டு, ஒன்றுக்கு இரண்டு ஷாட். அழகே இல்லாத படங்கள். முதல் படகு முடிவதற்குள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், யார் முதலில் என்று சின்னத் தகராறு வேறு. மேடையில் மொய் கவரோடு வரிசை நிற்குமே, அப்படி. ஹூப்பர் ஞாபகம் வராமல் இல்லை, ஆனால் இந்த வரிசையை நிற்க வைத்தது நான் இல்லை.

மதியத்துக்குள் நாற்பத்தோரு படகு. ராத்திரி ஸ்டுடியோவில் மேக்சி சைஸில் தேதியோடு பிரிண்ட் போட்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிசப்ஷனில் கேமரா பையிலிருந்து டீசல் வாடை வருகிறது என்று மாப்பிள்ளையின் அக்கா முகம் சுளித்தார். பெரியவர் வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்ட தோரணை இன்னும் காதில் இருக்கிறது: "ஏய், படம் புடிக்கிற நேரத்துல அந்தப் பாய எதுக்குப் போட்டு மூடுற, எடுரா. தம்பி, அடுத்த படகு."