பட்டாளத்துக்காரர் வீட்டுக் காகிதங்கள்

அரசு எங்கள் அலுவலகத்துக்கு வைத்திருக்கும் பெயர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், மிலிட்டரி ஆபீஸ்தான். ஆட்டோக்காரரிடம் மிலிட்டரி ஆபீஸ் என்று சொன்னால் நேராக ராணுவக் கேன்டீனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "சரக்கு வாங்கத்தானே வந்தீங்க?" என்று சிரிப்பார். பட்டாளத்துக்காரன் என்றாலே ஊருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாட்டில்தான். அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, விடுங்கள்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது வட ஆற்காடு பக்கம் நல அமைப்பாளராக இருக்கிறேன். இங்கே பட்டாளத்துக்குப் போவது பரம்பரைப் பழக்கம். வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அந்த அளவுக்கு வீடுதோறும் ஆள் போயிருக்கிறார்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லை, மானாவாரி நிலத்தை நம்பிப் பெண் கொடுக்க ஆள் இல்லை, சித்தப்பா பட்டாளத்தில் இருக்கிறார், அதனால் இவனும் போனான். தேசபக்தி இல்லை என்று சொல்லவில்லை. அது போன பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

நாங்கள் ஏதோ பணம் கொடுக்கிற ஆபீஸ் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கொடுக்கிறோம், இல்லையென்று சொல்ல முடியாது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள், அன்று பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் உண்டியல் வைத்து, சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டு வாங்குகிறோமே, அந்தக் காசுதான் படிப்புக்கும், மகள் கல்யாணத்துக்கும், பென்ஷன் இல்லாத கிழவர்களுக்கு மாத உதவியாகவும் போகிறது. பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்காரரா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. ஜவானாகச் சேர்ந்தவருக்கு 15 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். வீட்டுக் கஷ்டம், நிலத் தகராறு என்று பத்து வருஷத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இந்தப் பக்கம் கிராமத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். வந்தபோது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, கை கால் திடமாக இருந்தது, தெரியவில்லை. எழுபதில் தெரிகிறது.

ஆனால் என் பகல் பொழுது பெரும்பாலும் பணத்தில் போவதில்லை, எழுத்தில் போகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் எழுத்தும் பிபிஓ என்கிற பென்ஷன் ஆணையில் இருக்கும் எழுத்தும் ஆதாரில் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. எப்படி இருக்கும்? எழுபதுகளில் ஆள் எடுத்தபோது நம் ஊர்ப் பையன் தன் பெயரையும் அப்பா பெயரின் முதலெழுத்தையும் சொல்வான். எழுதுகிறவர் வடக்கத்திக்காரர், அவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது, குடும்பப் பெயரைச் சொல் என்பார். அப்பா பெயரைச் சொன்னவன் உண்டு, ஊர்ப் பெயரைச் சொன்னவன் உண்டு, ஒன்றும் புரியாமல் "ஜீ சாப்" என்று மட்டும் சொன்னவனும் உண்டு. நாலு வருஷம் கழித்து லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பினால் மனைவி பெயரைப் பதிய வேண்டும், யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று ஒரு பதிவு ஆணை போட்டு, சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புவார்கள். அந்தப் பெயரையும் இவன் வாயால்தான் சொல்வான். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்வான். பிறந்த தேதி கேட்டால் முழிப்பான், கிளார்க் ஜூலை 1 என்றோ ஜனவரி 1 என்றோ போட்டுக்கொள்வார். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் நிற்பவனுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம், நமக்கு இன்னும் முப்பது பேர் கியூவில்.

அப்புறம் முப்பது நாற்பது வருஷத்துக்கு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை பென்ஷன் மாதா மாதம் வந்துவிடும், பிரச்சினை எதுவும் மேலே வராது. அவர் போன பிறகு அந்த அம்மா மஞ்சப்பையோடு எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவார். பையைக் கவிழ்த்தால் எல்லாம் இருக்கும்: கேன்டீன் கார்டு, பழைய ரேஷன் கார்டு, பேரன் மார்க் ஷீட், எல்ஐசி ரசீது, ஒரு மெடலின் ரிப்பன். பிபிஓ மட்டும் இருக்காது. இருந்தாலும் அதில் மனைவி பெயர் லட்சுமி என்றிருக்கும், ஆதாரில் லட்சுமியம்மாள் என்றிருக்கும். "ரெண்டும் நான்தான் சார், இன்னா இதுல சந்தேகம்?" என்று கேட்பார். சந்தேகம் எனக்கு இல்லை. கம்ப்யூட்டருக்கு இருக்கிறது. ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு பாதுகாப்புத் துறைப் பென்ஷன் எல்லாம் ஒரே இடத்திலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது, அந்த வகையில் நல்ல ஏற்பாடுதான், ஆனால் எழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் நகராது. பிரமாணப் பத்திரம், தாசில்தார் சான்று, வாரிசுச் சான்று, ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம், அங்கிருந்து பதில் கேள்வி, மறுபடியும் கடிதம். நாசிக்குக்கும் செகந்திராபாத்துக்கும் ஜபல்பூருக்கும் நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிரம்பும்.

இது முடியும்வரை அந்த அம்மாவுக்கு வருமானம் இல்லை என்பதைத்தான் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். கணவர் ஓய்வுக்குப் பிறகு இறந்தால் முதல் ஏழு வருஷம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம். அதற்குப் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஜவானின் மனைவிக்கு அது பெரிய தொகை இல்லை, ஆனால் கிராமத்தில் ஒரு வீட்டு அடுப்பு அதில் எரியும். நிலுவையாகப் பின்னால் மொத்தமாக வந்துவிடும் என்று நாம் சமாதானம் சொல்லலாம். இந்த மாத மருந்துக் கடைக்காரர் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அதனால் ஓய்வு பெற்று வந்து பதிவு செய்ய வருகிறவர்களிடம் நான் பிடிவாதமாக ஒன்று கேட்பேன், வீட்டம்மாவை அழைத்து வந்தீர்களா என்று. பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். "அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்" என்பார்கள், ஒருவிதப் பெருமையோடு. தெரியாதது அவள் தப்பா? பதினேழு வருஷம் நீ சியாச்சினிலும் பதான்கோட்டிலும் இருந்தபோது மாமனார் மாமியாரைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பார்த்து, வரப்புத் தகராறில் தாலுகா ஆபீஸ் படியேறி எல்லாவற்றையும் செய்தவள் அவள். ஒரு பிபிஓவைப் படிக்கத் தெரியாமல் போய்விடுமா? நீ பெட்டியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டாய், அவ்வளவுதான் விஷயம். இதை இந்த வார்த்தையிலேயே சொல்லிவிடுவேன். பட்டாளத்தில் இருந்தவன் பட்டாளத்துக்காரனிடம் பேசுவதில் ஒரு சௌகரியம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெற்றோர் இருவர் காலத்துக்குப் பிறகும், தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது தெரியாத வீடுகள் எத்தனை! மூளை வளர்ச்சி குறைந்த மகன், வயது முப்பதுக்கு மேல், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருவான், நான் வைத்திருக்கும் ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பக் கலைப்பான். அந்த அம்மா ஆபீஸுக்கு வந்தது வேறு வேலையாக, கேன்டீன் கார்டு மாற்ற. பையன் யார் என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது, எந்த ரெக்கார்டிலும் அவன் பெயரே இல்லை. அப்பா பதியவே இல்லை. வெட்கமா, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாரா, யாருக்குத் தெரியும். அரசு மருத்துவமனை மெடிக்கல் போர்டு சான்று வாங்கி, பெயரைச் சேர்த்து, கார்டியனாக அவனுடைய அக்காவை எழுதி முடிப்பதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். அவன் இப்போதும் வந்தால் நேராக ஸ்டாம்பு டப்பாவுக்குத்தான் போவான்.

சர்வீஸில் இருக்கும்போதே இறப்பவர்களின் வீடு வேறு மாதிரி. செய்தி வந்ததும் கலெக்டர் ஆபீஸ், போலீஸ், தாசில்தார் என எல்லோரும் ஓடுகிறோம், பெட்டி வருகிறது, துப்பாக்கி மரியாதை, பிகில், கொடியை மடித்து மனைவி கையில் கொடுப்பது, செல்போன் பிடிக்கிற கூட்டம். அன்றைக்கு எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். போரில் இறந்தால் கடைசிச் சம்பளம் முழுவதுமே பென்ஷன், மற்ற இறப்புக்கு வேறு கணக்கு. இதெல்லாம் விதியில் தெளிவாக இருக்கிறது, மனைவி இருந்தால் பென்ஷன் முதலில் மனைவிக்குத்தான். சண்டை வருவது இன்சூரன்ஸில். பையன் சேரும்போது குரூப் இன்சூரன்ஸ் நாமினேஷனில் அம்மா பெயரைப் போட்டிருப்பான், அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆன பிறகு மாற்றி எழுத வேண்டும், அல்லது இத்தனை பங்கு அம்மாவுக்கு இத்தனை பங்கு மனைவிக்கு என்று பிரித்தாவது எழுத வேண்டும். பல பேர் எழுதுவதில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண் ஒரு பக்கம், மகனைப் பறிகொடுத்த தாய் ஒரு பக்கம், நடுவில் இரண்டு பக்கத்து மாமன்களும் ஆளுக்கொரு வக்கீலோடு.

என் அனுபவத்தில் இந்தப் பெண்கள் இருவரையும் மாமன்கள் இல்லாமல் தனியாக உட்கார வைத்துவிட்டால் முக்கால்வாசிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். எங்கள் ஆபீஸில் பின்பக்கம் ரெக்கார்ட் ரூம் இருக்கிறது, மின்விசிறி சத்தம் போடும், ஆனால் கதவு உண்டு. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். சுற்றறிக்கையில் இதற்கெல்லாம் இடமில்லை, ஆனால் நலன் என்று போர்டில் எழுதியிருப்பதற்கு இதையும் ஓர் அர்த்தமாக நான் எடுத்துக்கொள்கிறேன். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்குப் போன குடும்பங்களும் உண்டு, பேரப்பிள்ளையின் முகத்தைப் பாட்டி பார்க்காமலே போனதும் உண்டு.

கோர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 1925இலேயே வந்த இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது, எல்லையில் இருக்கும் சிப்பாய் மீது ஊரில் வழக்குப் போட்டு ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிவிடாமல் காக்க. நம் வக்கீல்களிலேயே பல பேருக்கு இது தெரியாது. கலெக்டர் ஆபீஸில் படைவீரர் குறைதீர்க்கும் நாள் நடக்கும்போது வருகிற மனுக்களில் பாதிக்கு மேல் நிலம், வழிப்பாதை, கிணறு. ஆம்பளை ஊரில் இல்லை என்று தெரிந்தால் வரப்பு தானாக நகரும் ஊர் இது.

சந்தோஷமான வேலையும் உண்டு, நவம்பர் மாத லைஃப் சர்டிஃபிகேட். முன்பெல்லாம் கைரேகை, அதுவும் ஏர் பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும், மெஷின் மாற்றி மாற்றி நிராகரிக்கும். இப்போது போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்துவிட்டதால் நாங்களே கிராமத்துக்குப் போய்விடுகிறோம். அதிலும் ஒரு சிக்கல், முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். எண்பது வயது சுபேதார் ஒருவர், போட்டோ என்றதும் உள்ளே போய் பெரே தொப்பி போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து, திண்ணைக்கு முன்னால் சாவ்தானில் நின்றுவிட்டார். "கண்ணைச் சிமிட்டுங்க சாப்" என்கிறேன், சிமிட்ட மாட்டேன் என்கிறார். அட்டென்ஷனில் நிற்கும்போது சிமிட்டக் கூடாதாம். கடைசியில் அவர் மனைவி பின்னாலிருந்து "விஷ்ராம்!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், மனுஷன் ஆட்டோமேடிக்காகத் தளர்ந்தார், கண்ணும் சிமிட்டியது, அவர் உயிரோடு இருப்பதை அரசும் ஏற்றுக்கொண்டது.

ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2003 ஏப்ரலில் வந்தது, அதற்கு முன்பு கிழவர்கள் ராணுவ ஆஸ்பத்திரியைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். பொதுவாக அதன் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கே ரெஃபரல் வாங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது தெரியும், ஆனால் நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகவே போகலாம் என்பதைச் சொன்னால் இன்றும் சிலர் நம்புவதில்லை. கார்டை மட்டும் பீரோவில் பூட்டி வைக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள் என்பேன், ராத்திரியில் எல்லோர் கைக்கும் எட்டும்.

அடுத்து என்ன என்பதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை. 2022இல் அக்னிவீர் வந்தது. நாலு வருஷம், முடிந்ததும் சேவா நிதி என்று 11 லட்சத்துச் சொச்சம், நாலில் ஒருவருக்கு மேல் தொடர வாய்ப்பில்லை, பென்ஷன் கிடையாது. முதல் செட் பையன்களின் அம்மாக்கள் இப்போதே வந்து கேட்கிறார்கள், எங்க பையன் திரும்பி வந்தா உங்க ஆபீஸுக்குள்ள வருவானா சார் என்று. திட்டம் வந்தபோது போட்ட நிபந்தனைப்படி அவர்களுக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லை. இதை ஒரு தாயிடம் நேராகச் சொல்வது எளிதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கூடவே அந்தப் பணத்தில் கார் வாங்க விடாதீர்கள் என்றும்.

ஒன்று சொல்ல வேண்டும், இந்த ஐந்தாறு வருஷத்தில் வருகிற இளம் மனைவிகள் வேறு ரகம். டிகிரி படித்தவர்கள், ஸ்பர்ஷ் லாகின் அவர்கள் போனில்தான் இருக்கிறது, கணவர் பாஸ்வேர்டை இவர்களிடம் கேட்கிறார். போன வாரம் ஒரு பெண் பிரதமர் கல்வி உதவித்தொகை பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அது பெண் பிள்ளைக்கு 3000, பையனுக்கு 2500 சார், நீங்க ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றீங்க" என்று போனிலேயே எடுத்துக் காட்டினாள். "சரிம்மா, நீ சொல்றதுதான் கரெக்ட்" என்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, பக்கத்து பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க முடியுமா என்று அவளிடமே கேட்டேன். நிரப்பிக் கொடுத்தாள். என் கையெழுத்தைவிட நன்றாகவே இருந்தது.