புது இயர்பட்ஸ்

"என்னடா, கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா?" என்றான் நண்பன் போனில். நான் நின்றது மொட்டை மாடியில், நல்ல காற்று.

பாட்டுக்குக் குறை இல்லை, பேஸ், அதாவது கனத்த அடி ஒலி, கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். மைக்தான் காற்றில் படுத்துவிடுகிறது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இஎன்சி என்று போட்டிருக்கும். அது போனில் எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் தெளிவாகப் போவதற்கு, நம் காதுக்கு இரைச்சலைக் குறைப்பது ஏஎன்சி, அது வேறு. பேட்டரி '40 மணி நேரம்' என்பதும் கேஸில், அதாவது சார்ஜ் டப்பாவில், திரும்பத் திரும்பப் போட்டு ஏற்றுவதையும் சேர்த்த கணக்கு. ஐபிஎக்ஸ்4 என்ற தரக்குறி இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், குழாயடியில் காட்டிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த ரப்பர் முனைகள். காதுக்குச் சரியான அளவு மாட்டினாலே பேஸ் தானாக வந்துவிடும், பாதிப் பேர் மாற்றிப் பார்ப்பதே இல்லை.

போன் பேசத்தான் அதிகம் என்றால் வயர் இயர்போனே தேவலை, மைக் வாய்க்குப் பக்கத்திலாவது இருக்கும்.