ஐஸ் பெட்டியில் வந்த மாதிரி

பதவி உயர்வுப் படிவத்தில் 'ஆராய்ச்சிப் பணிகள்' என்று ஒரு அட்டவணை. கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், உங்கள் பங்கு என்ன. கடைசிக் கட்டத்தில் இரண்டு வரிதான் கொள்ளும். மார்பகப் புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலில் பதினாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவள், முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

முதல் கட்டுரை, எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற செல் வரிசையில், அதாவது ஒரு கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்களில், செய்தது. மார்பகப் புற்றுச் செல் என்று நம்பி உலகம் முழுக்க வளர்த்தார்கள். 2000இல் எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது அது மெலனோமா என்ற தோல் புற்றுச் செல்களோடு போய் ஒட்டிக்கொண்டது. பிறகு எம்14 என்ற மெலனோமா வரிசைதான் அது என்று தெரிந்தது. எங்கள் ஃப்ரீசருக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. என் கட்டுரைகளில் அதிகம் பேர் மேற்கோள் காட்டியது அதைத்தான்! எடுத்துவிடவும் மனசில்லை, பெருமையாக எழுதவும் கை வரவில்லை. எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன்.

நடுவில் உள்ளதெல்லாம் சாதாரணம். ஆறாவதுக்கு வந்ததும் பேனா மறுபடி நின்றது.

17ஆம் குரோமோசோமில் உள்ள ஹெர்-2 மரபணு சில கட்டிகளில் பல பிரதிகளாகப் பெருகிவிடும். அப்படிப்பட்ட பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இல் டென்னிஸ் ஸ்லேமன் குழு எழுதியது. 1998இல் அதற்கென்றே டிராஸ்டுஸுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்களிடம் வந்த கட்டிகளில் அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ, அதாவது மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல், எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. ஆர்.என்.ஏவோ சொன்ன பேச்சு கேட்காது. அதை வெட்டிப் போடும் என்சைம் நம் விரல் நுனியிலேயே இருக்கிறது. 'ஆர்.என்.ஏ சிதைந்த மாதிரிகள் விலக்கப்பட்டன' என்று கட்டுரையில் ஒரு வரி வரும். அந்த வரிக்குள் எனக்கு ஒன்றே கால் வருஷம் போயிற்று.

ஆகஸ்ட் மாத மத்தியானம் ஒன்றில், காசிமேட்டிலிருந்து ஒருவர் தெர்மாகோல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ராயபுரத்தில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மனைவிக்குக் காலையில் ஆபரேஷன். முதல் நாளே அந்த அம்மாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தோம். பெட்டியைத் திறந்தால் உடைத்த ஐஸ். அதற்குள் கழுத்து வரை முங்கிய பாட்டில். நர்சிங் ஹோமில் திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றவில்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய பாதுகாப்புத் திரவத்தையும் யாரும் தொடவில்லை. வெறும் சலைனில் கட்டி மிதந்தது.

"என்னண்ணே இது?"

"தண்ணில போட்டு குட்த்தாங்க மேடம். வெயில்ல கெட்டுப்பூடுமேன்னு ஐஸ் ஒடச்சிப் போட்டேன். முங்கணும், ஆனா ஒறைஞ்சிடக் கூடாது. மீனுக்கும் அதான்."

மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் செல்லைக் கிழிக்கும் என்று இதைத்தான் நான் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குவேன்.

சலைனில் வந்தால் ஆராய்ச்சிக்குக் கழித்துவிடுவது வழக்கம். நோயறிதலுக்கான துண்டை முதலில் ஃபார்மலினில் போட்டு அனுப்பினேன். மிச்சத்தை என்னவோ தோன்றி, அரைத்துப் பார்த்தேன். மறுநாள் ஆர்.என்.ஏவை ஓடவிட்ட ஜெல்லைப் புற ஊதா விளக்கின் மேல் வைத்தபோது, ஆர்.என்.ஏ சிதையாமல் இருந்தால் தெரியும் 28எஸ், 18எஸ் இரண்டு பட்டைகளும் கோடு கிழித்த மாதிரி நின்றன, மேலது கீழதைவிட இரு மடங்கு தடிமனாக. அதே வாரம் முறைப்படி வந்த இரண்டு மாதிரிகள் பக்கத்திலேயே கோலமாவு கொட்டியது போலக் கலைந்து கிடந்தன.

அந்தக் கட்டுரைக்கு 'உங்கள் பங்கு' கட்டத்தில் 'மாதிரி சேகரிப்பு, ஆர்.என்.ஏ பிரித்தெடுத்தல்' என்று எழுதினேன். அப்புறம் முதல் இரண்டு சொல்லையும் அடித்தேன். படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். புதுப் படிவம் வாங்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு அவர் பாட்டிலைக் கொடுத்த பிறகும் வாசலிலேயே நின்றார். ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து, நாலைந்து நாள் ஆகும் என்றேன்.

"சரி மேடம். அந்தப் பொட்டி வோணும். விடிகாலைல கடலுக்கு போட்டு கெளம்புது."

கழுவிக் கொடுத்தேன். மூலையில் ஒட்டியிருந்த செதில் மட்டும் போகவில்லை.