கேரவனில் ஹாம் வானொலி: உரிமம் வாங்கியது முதல் ஆழியாற்றுத் தோப்பு வரை

ஆழியாறு, திருமூர்த்தி மலை, அமராவதி அணை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கேரவனில் சென்று தங்குபவர்களுக்கு, மலையை நெருங்க நெருங்கக் கைபேசியின் சிக்னல் தேய்ந்து, சில இடங்களில் அடியோடு நின்றுபோவது பழகிய செய்தி. என் மச்சான் தம் வேனைக் கேரவனாக மாற்றிப் பதிவு செய்த பிறகு எங்கள் குடும்பப் பயணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே அமைந்தன. குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துச் செல்லும்போது வெளியுலகோடு பேச வேறொரு வழி வேண்டும் என்ற எண்ணமே என்னை ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு, அதாவது ஆர்வத்துக்காகச் சொந்த வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறைக்கு, கொண்டுவந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, வானொலிப் பயணமாக அந்தமானுக்குச் சென்றிருந்த ஹாம்கள் (இந்த வானொலியில் பேசுபவர்கள்) அங்கிருந்து செய்திகளை வெளியே கொண்டுசேர்த்ததைப் படித்ததிலிருந்தே இதன்மேல் எனக்கு மதிப்பு இருந்தது.

இதற்கு உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாமல் ஹாம் அலைவரிசைகளில் பேசுவது சட்டப்படி குற்றம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. எனும் வானொலி அலைவரிசைப் பிரிவு தேர்வு நடத்தி உரிமம் வழங்குகிறது. பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு தரங்கள் உள்ளன. முதல் தரத்துக்கு, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறியீடு தேவையில்லை, இரண்டாம் தரத்துக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். நான் ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு 'சரல் சஞ்சார்' இணைய வாசல் வழியாக விண்ணப்பித்துச் சென்னை சென்று எழுதினேன். வினாக்களில் ஒரு பாதி மின்னியல், அலை பரவல், ஆன்டெனா பற்றியவை. மறு பாதி விதிமுறைகள், கியூ குறியீடுகள் எனும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள், எழுத்துகளை உச்சரிக்கும் முறை பற்றியவை. பள்ளி இயற்பியலை மறந்தவர்களும் ஓம் விதியிலிருந்து தொடங்கிப் பொறுமையாகப் படித்தால் தேறிவிடலாம். விண்ணப்பத்தில் தரும் முகவரியும் அடையாள ஆவணங்களில் உள்ள முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. தேர்ச்சிக்குப் பிறகு உரிமம் கைக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வானொலியில் பெயர்போலச் சொல்லும் அழைப்புக்குறி ரெஸ்ட்ரிக்டட் தரத்தினருக்கு 'வி.யு.3' என்று தொடங்கும்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் கோவையைச் சேர்ந்த மூத்த ஹாம் ஒருவர் எனக்கு வழிகாட்டினார். எந்த வானொலிச் செட் வாங்கலாம் என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "செட்ட அப்பறம் பாத்துக்கலாங்க தம்பி, மொதல்ல ஆன்டெனாவுக்கு ஒரு வழி பண்ணுங்க." எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை. கேரவனில் செட்டுக்கு ஓர் அலமாரி போதும். ஆன்டெனாவுக்கோ இடம், உயரம், கட்டுவதற்கு ஆதாரம் எல்லாம் வேண்டும், அவை ஒவ்வொரு முகாமிலும் மாறிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் இரண்டு ஆன்டெனா வைத்திருக்கிறோம். வேனின் இரும்புக் கூரையில் காந்த அடியோடு நிற்கும் அரை மீட்டர்க் குச்சி ஒன்று, 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு. கூரை இரும்பாக இருப்பதால் அதுவே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. ஃபைபர் கூரையுள்ள கேரவன்களில் இது இப்படி எடுபடாது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை என்பதால், ஆழியாற்று அடிவாரத்தில் நாங்கள் தங்கும் தென்னந்தோப்பில் கேட்காத கோவை நண்பர்களின் குரல், வால்பாறைச் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு ஏறியதும் ஐந்து வாட் கைச்செட்டிலேயே தெளிவாகக் கேட்கிறது. பொள்ளாச்சிச் சமவெளி முழுவதும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதுபோல அலைக்கும் தடையில்லை.

மற்றது ஏழு மெகா ஹெர்ட்ஸுக்கான டைபோல், அதாவது நடுவில், செட்டுக்குச் செல்லும் கோக்ஸ் கேபிள் இணைத்த இரண்டு கம்பிகள். 143-ஐ அலைவரிசையின் மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும், 7.1-க்கு ஏறத்தாழ இருபது மீட்டர், ஒரு கைக்குப் பத்து மீட்டர். வேண்டுமென்றே சற்று நீளமாக, கைக்குப் பத்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் விட்டு வெட்டி, நடுப்பகுதியைத் தென்னை மரத்தில் கயிறு போட்டு ஏற்றி, முனைகளைத் தாழ்வாக இருபுறமும் இழுத்துக் கட்டினோம். ஆன்டெனா எந்த அலைவரிசைக்கு ஒத்திசைகிறது என்பதை வரைகோட்டில் ஒரு குழியாகக் காட்டும் அளவுக் கருவியில், அந்த ஒத்திசைவு 6.87-இல் தெரிந்தது. முனைகளை மடித்து மடித்துச் சுருக்கச் சுருக்க அந்தக் குழி மெல்ல வலப்பக்கம் நகர்ந்து 7.1-க்கு வந்து நின்றபோது, ஏட்டில் படித்த சூத்திரம் கையிலிருந்த கம்பியில் உயிர்பெற்றதைக் கண்டு நானும் மச்சானும் மிகவும் மகிழ்ந்தோம்.

தோப்புகளில் ஆன்டெனா கட்டுபவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது மின்கம்பிகளை. கிணற்று மோட்டாருக்குச் செல்லும் கம்பிகள் பல இடங்களில் தாழ்ந்து மரங்களுக்கிடையே மறைந்து செல்கின்றன. வீசிய கயிறோ சரிந்த கம்பியோ அவற்றை எட்டக்கூடிய தூரத்தில் கட்டவே கூடாது. இடி முழங்கும் ஐப்பசி மாலைகளில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வேனுக்கு வெளியே போட்டுவிடுகிறோம்.

மின்சாரம் அடுத்த பாடம். செட் கேட்கும்போது ஒரு ஆம்பியர் அளவே இழுக்கும். பேசும்போது பத்து ஆம்பியருக்கு மேல் போகும். மெல்லிய வயரில் கொடுத்தால் மின்னழுத்தம் இறங்கிப் பேச்சு சிதையும். ஆகவே பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த வயர் இழுத்து, பேட்டரி முனையருகிலேயே இரு வயரிலும் ஃபியூஸ் வைத்தோம்.

இதைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். முதல் மாலை செட்டைப் போட்டதும் அலைவரிசை முழுவதும் கரகரவென்று ஒரே சத்தம். மச்சான் இன்வெர்ட்டரை நிறுத்தினார், பாதி குறைந்தது. சூரியத் தகட்டின் சார்ஜ் கண்ட்ரோலரைத் துண்டித்த நொடியில் மீதியும் அடங்கி, அடியில் இருந்த குரல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கண்ட்ரோலரின் வயர்களில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் மாட்டியபின் ஓரளவு சரியாயிற்று என்றாலும், உன்னிப்பாகக் கேட்க வேண்டிய நேரத்தில் இரண்டையும் நிறுத்திவிடுவதே எங்கள் வழக்கம்.

தாழ்வாகக் கட்டிய டைபோல் அலையைப் பெரும்பாலும் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பிச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். மலை குறுக்கே நின்றாலும் அதைத் தடுக்க முடியாது என்பதால் அடிவாரத்தில் முகாமிடுபவர்களுக்கு இதுவே பொருத்தமான ஏற்பாடு என்பது என் கருத்து. ஆழியாற்றுத் தோப்பிலிருந்து காலை நேரத்தில் அழைத்தபோது பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பதில் வந்தது. அழைப்புக்குறியோடு 'போர்ட்டபிள்' (வெளியிடத்திலிருந்து பேசுகிறேன்) என்று சேர்த்துச் சொன்னதும், எங்கே முகாம், என்ன ஆன்டெனா, மழை உண்டா என்று அக்கறையோடு விசாரித்தார்கள். வியாபாரப் பேச்சுக்கும் பாட்டு ஒலிபரப்புக்கும் இங்கே இடமில்லை, மறைகுறியில் பேசவும் கூடாது. பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இப்போது ஜெனரல் தரத்துக்காக மோர்ஸ் பழகி வருகிறேன். மச்சான் மகளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டதால் அவளும் ரெஸ்ட்ரிக்டட் தேர்வுக்குப் படிக்கிறாள்.